கோடுகளைக் கொப்பி பண்ணலாம், காரணத்தை?



இந்த வார எபிசோடில் கட்டடம் வடிவமைக்கிற மென்பொருட்களைப் பற்றிக் கதைச்சோம். ஒரு விஷயம் மட்டும் நேரம் போதாமல் பாதியில் நின்று போச்சு: டீடெய்ல் வரைபடம். அதை எப்படி உருவாக்குறது, ஒரு புரொஜெக்டில் வரைஞ்சதை அடுத்ததில் எப்படித் திரும்பப் பயன்படுத்துறது? இந்த மடல் அந்த மிச்சக் கதை. ஆர்க்கிடெக்சர் படிக்கிறவர்களுக்கும் கோ-ஒப் வேலைக்குப் போகப் போறவர்களுக்கும் இது நேரடியாக உதவும். கோடிங் பக்கம் இருக்கிறவர்கள் விட்டுட்டுப் போக வேண்டாம். உங்களுக்கு நல்லாப் பழகின ஒரு தலையிடி இங்கே வேற உடுப்பில் வருது.

பத்து நிமிடக் கெட்டித்தனம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஜன்னலின் அடிப்பகுதி சுவரோடு எப்படிச் சேருது என்று ஒரு டீடெய்ல் வரையச் சொன்னார்கள். பழைய புரொஜெக்ட் ஒன்றில் அழகான டீடெய்ல் ஒன்று இருந்தது. எடுத்து ஒட்டினேன். பழைய சுவரில் வெளிப்பக்க இன்சுலேஷன் 50 மில்லிமீற்றர், புதுசில் 100. இன்சுலேஷனையும் வெளி முகப்பையும் 50 மில்லிமீற்றர் வெளியே இழுத்து விட்டேன். பத்து நிமிடத்தில் வேலை முடிஞ்சுது. பார்க்கவும் நல்ல வடிவு.

சில கிழமைக்குப் பிறகு, தளத்தில் முதலாவது ஜன்னலைப் பொருத்தும்போது தகடு வேலை செய்யிறவர் ஃபோன் எடுத்தார். கேட்டது ஒரே கேள்வி: "இந்தத் தண்ணி எங்கே போகுது?"

ஜன்னலுக்குக் கீழே வளைச்சு வைக்கிற தகட்டுக்கு ஃபிளாஷிங் என்று பெயர். ஜன்னலில் வழியிற மழைத்தண்ணியைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய்ச் சொட்ட விடுறதுதான் அதன் வேலை. நான் இழுத்தது இன்சுலேஷனையும் முகப்பையும் மட்டும். ஃபிளாஷிங், அளவு மாறாத ஒரு கொம்போனன்ட். அது பழைய இடத்திலேயே நின்றுட்டுது. சுவர் 50 மில்லிமீற்றர் தடிச்சுப் போச்சு, தகடு அதே நீளம். வெளியே சொட்ட வேண்டிய தண்ணி நேராகச் சுவருக்குள்ளே சொட்டும்.

வளைச்சு வைச்சிருந்த தகடுகள் எல்லாம் குப்பைக்குப் போச்சு. அது பரவாயில்லை. அந்த மனுஷன் கேட்காமல் வரைபடத்தில் இருந்தபடியே பொருத்தியிருந்தால், இரண்டு மூன்று வருஷத்தில் யாரோ ஒருவரின் படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் வந்திருக்கும். அது ஏன் வந்தது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரிஞ்சிருக்காது.

டீடெய்லை ஏன் தனியாக வரையிறோம்?

ரெவிட் மாதிரி மென்பொருளில் முழுக் கட்டடத்தையும் முப்பரிமாண மொடலாகக் கட்டுறோம். பிளான், செக்‌ஷன், எலிவேஷன் எல்லாம் அந்த மொடலில் இருந்தே வரும். சுவரை நகர்த்தினால் எல்லா வரைபடத்திலும் சுவர் நகரும். அப்படியென்றால் டீடெய்லும் தானாக வரவேணுமே?

வராது. ஏனென்றால் மொடலில் எல்லாம் இல்லை. ஒவ்வொரு ஜன்னலையும் சுற்றியிருக்கிற ஸ்குரூ, சீலன்ட், தகட்டின் மடிப்பு, தண்ணி தடுக்கிற மெம்பிரேன் எல்லாத்தையும் முப்பரிமாணத்தில் கட்டினால் கோப்பு மூச்சுத் திணறிப் போகும். அதனால் பெரும்பாலான அலுவலகங்களில் 1:50 அளவில் தெரியிற வரைக்கும் மொடல் செய்வார்கள். 1:10, 1:5 அளவில் தெரிய வேண்டிய நுணுக்கங்களை இருபரிமாணக் கோடுகளாக வரைவார்கள்.

ரெவிட்டில் இதற்கு இரண்டு வழி இருக்கு.

முதலாவது, கோல்அவுட். செக்‌ஷனில் ஒரு இடத்தைச் சுற்றிப் பெட்டி போட்டுப் பெரிசாக்கி, அடியில் தெரியிற உண்மையான மொடலுக்கு மேலே நுணுக்கங்களை வரையிறது. சுவர் மாறினால் அடியில் இருக்கிற சுவர் மாறும். ஆனால் நீங்கள் மேலே வரைஞ்ச கோடுகள், அவற்றைப் பூட்டி வைச்சால் ஒழிய, பழைய இடத்திலேயே கிடக்கும்.

இரண்டாவது, டிராஃப்டிங் வியூ. இது மொடலோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெறும் தாள். எல்லாத்தையும் நீங்களே வரைய வேணும். மொடலில் என்ன மாறினாலும் இதற்குத் தெரியாது. திரும்பத் திரும்பப் பயன்படுத்துற டீடெய்ல்கள் பெரும்பாலும் இந்த வகைதான், ஏனென்றால் ஒரு கட்டடத்தோடு ஒட்டாததைத்தான் இன்னொரு கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

வரையிறதற்கான சாமான்கள் இவை. தனிக் கோட்டுக்கு டீடெய்ல் லைன். கொங்கிறீட், மண் மாதிரி நிரப்பிக் காட்ட ஃபில்ட் ரீஜன். பஞ்சு இன்சுலேஷனின் வளைஞ்சு வளைஞ்சு போற கோட்டுக்கு என்றே தனி டூல் ஒன்று இருக்கு. மரச்சட்டம், போல்ட், தகடு மாதிரி அடிக்கடி வாறதற்கு டீடெய்ல் கொம்போனன்ட். செங்கல் வரிசை மாதிரி ஒரே சாமான் திரும்பத் திரும்ப வந்தால் ரிப்பீட்டிங் டீடெய்ல்.

இதில் ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடிச்சுக்கொள்ளுங்கள்: கொம்போனன்டாகச் செய்யக்கூடியதைக் கோடாக வரையாதீர்கள். நாலு கோட்டால் வரைஞ்ச மரச்சட்டம் வெறும் நாலு கோடு. கொம்போனன்டாக வைச்ச மரச்சட்டத்துக்குத் தான் மரச்சட்டம் என்று தெரியும். அதில் கீநோட் ஒன்றைப் பூட்டலாம். கீநோட்டுகளின் வசனங்கள் தனிக் கோப்பு ஒன்றில் இருக்கும். அங்கே ஒரு இடத்தில் திருத்தி, மொடலில் ரீலோட் பண்ணினால் எல்லாத் தாளிலும் திருந்தும். அந்தத் தகட்டின் நீளத்தையும் மாற்றக்கூடிய பராமீற்றராக வைச்சிருந்தால் என்னுடைய 50 மில்லிமீற்றர் பிழை அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

திரும்பப் பயன்படுத்துறது எப்படி?

இது கம்ப்யூட்டரோடு வந்த பழக்கம் இல்லை. அமெரிக்காவில் சார்ல்ஸ் ராம்சியும் ஹரோல்ட் ஸ்லீப்பரும் 1932 இல் 'ஆர்க்கிடெக்சுரல் கிராஃபிக் ஸ்டாண்டர்ட்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். அதன் பக்கம் முழுக்க டீடெய்ல்கள்தான். எத்தனையோ தலைமுறை அதைப் பார்த்து வரைஞ்சது. ஆனால் பார்த்துக் கையால் வரையும்போது ஒவ்வொரு கோடும் உங்கள் மூளைக்குள்ளால் போய்த்தான் வெளியே வரும். 1982 இல் ஆட்டோகேட் வந்தது. பிளாக் என்று சேமிச்சு வைச்சால் ஒரு கிளிக்கில் முழு டீடெய்லும் வந்து விழும். மூளைக்குள்ளால் போக வேண்டிய தேவை இல்லாமல் போச்சு.

ரெவிட்டில் வழக்கமான முறை இது. அலுவலகத்துக்கு என்று ஒரு தனி ரெவிட் கோப்பு வைச்சிருப்பார்கள். அதற்குள் கட்டடம் எதுவும் இருக்காது, டிராஃப்டிங் வியூக்கள் மட்டும் இருக்கும். உங்கள் புரொஜெக்டைத் திறந்து, இன்சேர்ட் பக்கத்தில் 'இன்சேர்ட் வியூஸ் ஃப்ரொம் ஃபைல்' என்பதை அழுத்தி, அந்தக் கோப்பில் இருந்து வேண்டிய வியூக்களைத் தெரிவு செய்யலாம். பிறகு உங்கள் செக்‌ஷனில் கோல்அவுட் போடும்போது 'ரெஃபரன்ஸ் அதர் வியூ' என்பதை டிக் பண்ணினால் அந்தப் பெட்டி, கொண்டுவந்த டீடெய்லைச் சுட்டும். டீடெய்லை எந்தத் தாளில் வைச்சீர்களோ அந்தத் தாள் இலக்கம் பெட்டியின் தலையில் தானாக வரும்.

இதுவரை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூன்று பொறி மட்டும் இருக்கு.

ஒன்று, பெயர்ப் பொறி. கொண்டுவாற டீடெய்லில் உள்ள ஒரு டைப்பின் பெயரும் உங்கள் புரொஜெக்டில் ஏற்கெனவே இருக்கிற டைப்பின் பெயரும் ஒன்றாக இருந்தால், ரெவிட் உங்கள் புரொஜெக்டில் இருப்பதைத்தான் எடுக்கும். 'டூப்ளிகேட் டைப்ஸ்' என்று ஒரு எச்சரிக்கை வரும். எல்லாரும் வாசிக்காமல் ஓகே அழுத்துவோம். நூலகத்தில் பார்த்ததும் தாளில் வந்ததும் வேற வேறயாக இருக்கலாம்.

இரண்டு, குப்பைப் பொறி. பழைய ஆட்டோகேட் டீடெய்லை ரெவிட்டுக்குள் இம்போர்ட் பண்ணி எக்ஸ்புளோட் அடிக்கிறது. அதோடு பழைய கோட்டு வகைகளும் எழுத்து வகைகளும் கூட்டமாக உள்ளே வந்து குடியேறும். பிறகு கலைக்கிறது பெரிய பாடு. அந்த டீடெய்ல் உண்மையில் தேவை என்றால், அதைப் பார்த்து ரெவிட்டில் புதுசாக வரையுங்கள். ஒரு மணித்தியாலம் போகும், ஆனால் வரையும்போது அது உங்களுக்கு விளங்கும்.

மூன்றாவதுதான் பெரிசு. கொண்டுவந்த நிமிடத்தில் இருந்து அந்தக் கொப்பிக்கும் நூலகத்துக்கும் இடையில் தொடர்பு அறுந்து போகும். நூலகத்தில் பிழையைத் திருத்தினாலும், ஏற்கெனவே கொண்டுபோன பன்னிரண்டு புரொஜெக்டில் பிழை அப்படியே இருக்கும். கோடிங் ஆட்களுக்கு இப்போ விளங்கியிருக்கும். இது பேக்கேஜை இம்போர்ட் பண்ணுறது இல்லை, இணையத்தில் கண்ட கோடைக் கொப்பி பண்ணித் தன் கோப்புக்குள் ஒட்டுறது. எங்கே இருந்து வந்தது, எந்த வேர்ஷன், யார் பார்த்தது, ஒன்றும் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால், கட்டி முடிச்ச சுவருக்கு அப்டேட் அனுப்ப ஏலாது.

ஊர் மாறினால் டீடெய்லும் மாறவேணும்

வன்கூவரில் இருக்கிறவர்கள் 'லீக்கி கொண்டோ' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1980களிலும் 1990களிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரத்தில் மரச்சட்டத்தால் ஆன மூன்று நாலு மாடிக் குடியிருப்புகள் நிறையக் கட்டினார்கள். கலிஃபோர்னியா பாணி அப்போ மோஸ்தர்: வழுவழுப்பான ஸ்டக்கோ சுவர், கூரைத் தாழ்வாரம் இல்லை, திறந்த பல்கனி. லொஸ் ஏஞ்சலஸில் ஒரு வருஷத்துச் சராசரி மழை 400 மில்லிமீற்றரைத் தாண்டாத இடத்தில் அது சரி. வன்கூவரில் 1,100 மில்லிமீற்றருக்கும் மேலே பெய்யும், அதுவும் குளிர்காலம் முழுக்க விடாமல்.

அந்தச் சுவரின் யோசனை, வெளித்தோலில் தண்ணியை முழுசாகத் தடுக்கலாம் என்பது. ஜன்னல் மூலையில், பல்கனி சேருற இடத்தில், சீலன்ட் வெடிச்ச இடத்தில் தண்ணி எப்படியோ உள்ளே போச்சு. போன தண்ணி வெளியே வர வழியில்லை, காயவும் காற்றில்லை. உள்ளே மரம் உக்கிப் போச்சு. ஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: சுவரின் நடுப்பகுதியை விட, ஒன்றோடொன்று சேருற இடங்களில்தான் தண்ணி புகுந்தது. அதாவது டீடெய்ல் வரைய வேண்டிய இடங்களில்.

1998 இல் முன்னாள் முதல்வர் டேவ் பாரட் தலைமையில் விசாரணைக் குழு அமைச்சார்கள். திருத்தச் செலவு பில்லியன் கணக்கான டொலர். அதைக் கட்டினவர்கள் பெரும்பாலும் அந்த வீடுகளை வாங்கின சாதாரண ஆட்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு முதல் வீடு வாங்கின குடும்பங்கள். எங்கள் அம்மா அப்பாக்கள் இங்கே வந்து முதல் வீட்டை எப்படி வாங்கினார்கள் என்று நினைச்சுப் பாருங்கள், அந்த வலி விளங்கும். அதற்குப் பிறகு அந்த மாகாணத்தில் புது வீடுகளுக்குக் கட்டாய உத்தரவாதக் காப்புறுதி வந்தது. வெளி முகப்புக்குப் பின்னால் காற்று இடைவெளி விட்டு, உள்ளே போற தண்ணி வடிஞ்சு காயிற மாதிரி 'ரெயின்ஸ்கிரீன்' சுவர் கட்டுறது வழக்கமாச்சு.

இதே விஷயம் எங்கள் ஆட்கள் பரந்து கிடக்கிற மற்ற ஊர்களுக்கும் பொருந்தும். ரொறன்ரோவில் சுவரின் உள்பக்கம் பாலித்தீன் தாள் ஒன்று வைப்பார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கிற ஈரக்காற்று சுவருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணியாகாமல் தடுக்க. அதே டீடெய்லைச் சிங்கப்பூரிலோ கொழும்பிலோ ஏசி போட்ட அறைக்குப் பயன்படுத்தினால் எல்லாம் தலைகீழ். அங்கே ஈரம் வெளியே இருந்து உள்ளே வரும், குளிர்ச்சியான பக்கம் உள்பக்கம். அந்தத் தாளின் பின்னால் தண்ணி சேரும். கோடு அதே கோடுதான். காரணம் மாறிப் போச்சு.

ஒரு கம்பியை இரண்டாக்கினால்

மேலே சொன்னது மாற்ற வேண்டியதை மாற்றாமல் விட்ட கதை. மாற்றக்கூடாததை 'சின்ன மாற்றம்தானே' என்று மாற்றின கதையும் இருக்கு.

அமெரிக்காவின் கன்சஸ் சிட்டியில் ஹயட் ரீஜென்சி ஹோட்டல். அதன் முன்மண்டபத்தில் இரண்டு நடைபாலங்கள், ஒன்றுக்கு நேர் கீழே மற்றது, கூரையில் இருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கிக்கொண்டு இருந்தன. முதல் வடிவமைப்பில் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலத்தையும் துளைச்சுக்கொண்டு போகும். நீளக் கம்பியில் நடுவில் மரை வெட்டிப் பொருத்துறது கஷ்டம் என்று கம்பியை இரண்டாக்கினார்கள்: மேல் பாலம் கூரையில் தொங்கும், கீழ்ப் பாலம் மேல் பாலத்தில் தொங்கும்.

தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் யோசிச்சுப் பாருங்கள். ஒரு கயிற்றில் இரண்டு பேர் தொங்கினால் ஒவ்வொருவரும் தன் கையால் கயிற்றைப் பிடிப்பார். கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரின் காலைப் பிடிச்சுத் தொங்கினால், மேலே இருக்கிறவரின் கை இரண்டு பேரையும் தாங்க வேணும். மேல் பாலத்தின் அடியில் இருந்த நட்டில் பாரம் இரண்டு மடங்காச்சு. 1981 ஜூலை 17 அன்று, மண்டபம் நிறைய ஆட்கள் நடன நிகழ்ச்சிக்கு வந்திருந்தபோது இரண்டு பாலமும் விழுந்து 114 பேர் இறந்தார்கள். பழைய டீடெய்லே சட்டம் கேட்ட பலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும் என்று பிறகு விசாரணையில் தெரிஞ்சுது. மாற்றம் அதையும் பாதியாக்கியது. அந்த மாற்றம் பொறியியலாளரின் முத்திரையோடுதான் வெளியே போனது.

நூலகத்தில் கோட்டோடு காரணத்தையும் வையுங்கள்

கொப்பி பண்ணாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் வெறும் தாளில் இருந்து தொடங்கினால் புதுப் பிழைகள்தான் வரும். ஐந்து கட்டடத்தில் தண்ணி புகாமல் நின்ற டீடெய்ல் ஒரு சொத்து. ஆனால் அதைச் சேமிக்கும்போது கோட்டை மட்டும் சேமிக்கிறோம். சேர்த்துச் சேமிக்க வேண்டியவை நாலு.

இது ஏன் இப்படி இருக்கு: "தகட்டின் இரண்டு ஓரமும் மேலே மடிச்சிருக்கு, தண்ணி பக்கவாட்டில் சுவருக்குள் ஓடாமல் இருக்க." ஒரு வரி போதும்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது: "வெளி இன்சுலேஷன் 50 மில்லிமீற்றர் வரை. அதற்கு மேலே என்றால் தகட்டு நீளத்தைத் திரும்பப் பார்." இந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் எனக்கு அந்த ஃபோன் வந்திருக்காது.

இலக்கமும் திகதியும்: புரொஜெக்டுக்குக் கொண்டுபோன பிறகும் டீடெய்லின் ஓரத்தில் அந்த இலக்கம் நிற்க வேணும். நூலகத்தில் பிழை கண்டுபிடிச்சால், எந்தெந்தப் புரொஜெக்டில் அது போயிருக்கு என்று தேட அதுதான் ஒரே வழி.

தளத்தில் என்ன நடந்தது: பொருத்தினவர் என்ன சொன்னார், எது கஷ்டமாக இருந்தது.

ரெவிட்டிலேயே இதற்கு இடம் இருக்கு. நூலகக் கோப்பில் வியூக்களுக்கு என்று புரொஜெக்ட் பராமீற்றர்கள் உருவாக்கி, 'காரணம்', 'எல்லை', 'சரிபார்த்தவர்' என்று பெயர் வையுங்கள். பிறகு வியூ லிஸ்ட் ஒன்று செய்தால் எல்லாம் ஒரே அட்டவணையில் வரும். காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிற டீடெய்ல் எது என்று ஒரு பார்வையில் தெரியும். அதைத் தொடுவதற்கு முதல் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். "இது ஏன் இப்படி?" என்று கேட்கிறது வெட்கம் இல்லை. கோ-ஒப் காலத்தில் நீங்கள் கேட்கக்கூடிய மிகப் பெறுமதியான கேள்வி அது.

கடைசியாக ஒரு சோதனை. எந்த டீடெய்லைக் கொண்டுவந்தாலும் ஒரு பிரின்ட் எடுத்து நாலு நிறப் பேனாவை எடுங்கள். தண்ணியைத் தடுக்கிறது எது, காற்றைத் தடுக்கிறது எது, ஈர ஆவியைத் தடுக்கிறது எது, குளிரைத் தடுக்கிறது எது என்று ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கோடு, தாளின் ஒரு ஓரத்தில் இருந்து மற்ற ஓரம் வரை இழுங்கள். பேனாவைத் தூக்காமல் இழுக்க ஏலும் என்றால் நல்லது. எங்கே பேனாவைத் தூக்க வேண்டி வந்ததோ, அங்கேதான் பிரச்சினை. இரண்டு நிமிட வேலை. நான் இப்போ இதைச் செய்யாமல் ஒரு டீடெய்லும் வெளியே விடுறதில்லை.

இந்தக் கிழமை உங்களுக்கு ஒரு வேலை: நீங்கள் கடைசியாகக் கொப்பி பண்ணி ஒட்டின ஒன்றை எடுங்கள். டீடெய்லாக இருக்கட்டும், கோடாக இருக்கட்டும். அது ஏன் அப்படி இருக்கு என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாமல் போனால் இந்த மடலுக்குப் பதில் போட்டுச் சொல்லுங்கள், அடுத்த எபிசோடில் சேர்ந்து யோசிப்போம்.

அடுத்த வாரம் சந்திப்போம். மழை பெய்தால் ஒருக்கா ஜன்னலுக்குக் கீழே எட்டிப் பாருங்கள், தண்ணி எங்கே சொட்டுது என்று.